கடைசியாக வெளியேறுபவர்

எங்கள் தோட்டச் சங்கத்தில் கடவுளைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சங்க விதிகளைப் பற்றிக் கிடையாது. ஓல்டன்பர்க் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, நகராட்சி நிலத்தைத் துண்டு போட்டுக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கிறோம். மண்ணைக் கிளறும் நேரத்தைவிட விதிகளைக் கிளறும் நேரம் அதிகம். அதில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு: சங்கக் கட்டடத்தை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போக வேண்டும்.

எப்போதோ ஒரு குளிர்காலத்தில் யாரோ காபி இயந்திரத்தை அணைக்காமல் போக, திரைச்சீலை கருகி, தீயணைப்பு வண்டி வந்து, கேல் கீரைப் பாத்திகளின் மேல் ஏறி இறங்கிப் போனது. தீயை மறந்துவிட்டோம். பாத்திகளை மறக்கவில்லை. அன்று முதல் இந்த விதி. ஃப்ரிட்ஜும் அதோடு அணைந்துவிடும், எங்கள் சங்கத்தில் பீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதை யாரும் குறை சொன்னதில்லை, குறை சொல்வதற்கென்று தனிப் படிவம் இருந்தும்.

சாவி என்னிடம் இருப்பதால் பெரும்பாலும் கடைசி ஆள் நான்தான். கனமான கறுப்புக் கைப்பிடி அது. இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு கட்டடம் முழுக்க அமைதி. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். என் பேச்சை உடனே கேட்கும் ஒரே பொருள் உலகத்தில் அதுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சங்கத்துக்குள் வசந்தத்தில் ஒரு பெட்டி வந்தது. ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே வட்டுகள் சுழலும், முகப்பில் பச்சை விளக்கு மின்னும். சங்கத்தின் வரைபடங்கள், கூட்டக் குறிப்புகள், தோட்டச் சோதனைப் படங்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு வைப்பது என்றும், எங்கிருந்து வேண்டுமானாலும் இணையம் வழியாகப் பார்ப்பது என்றும் முடிவானது. வாங்கியவர் தலைவர் ஹார்ம். நில அளவைத் துறையில் வாழ்நாளெல்லாம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர், ஓய்விலும் அளப்பவர். பெட்டியை ஏற்பாடு செய்தவன் ட்யார்க். வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தவன். தன் வீட்டு அஞ்சல் பெட்டியைக்கூடச் சந்தேகத்தோடுதான் திறப்பான்.

பொதுக்குழுவில் ட்யார்க் எழுந்து நின்று விளக்கினான்.

"வெளியிலேருந்து பாக்கறவங்களுக்கும் பெட்டிக்கும் நடுவுல யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் சான்றிதழ். பிரவுசர்ல முகவரிக்குப் பக்கத்துல ஒரு பூட்டு தெரியும் பாருங்க, அது. சான்றிதழ் சரியா இருந்தாத்தான் பூட்டு வரும்."

"எதை எட்டிப் பாக்கப் போறாங்க? என் முள்ளங்கியையா?" என்று நான் கேட்டேன்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு ஃப்ராவ்கே."

"அது இருக்கட்டும். சான்றிதழ் இல்லன்னா?"

"சாதாரணமா, 'பரவாயில்ல, உள்ள போறேன்'னு அமுக்கிட்டுப் போயிடலாம். நான் அந்த வழியையும் அடைச்சிட்டேன். கறார் முறை. பூட்டு இல்லன்னா யாரா இருந்தாலும் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

ஹார்முக்குக் கறார் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "சான்றிதழ் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

"ஆறு மாசம். அப்புறம் புதுப்பிக்கணும். அதுக்கும் யாரும் மெனக்கெட வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு, நாமெல்லாம் தூங்கறப்போ, பெட்டியே போய்க் கேட்டுப் புதுசு வாங்கிக்கும். மனுஷங்க கை படவே வேணாம்."

எல்லோரும் கை தட்டினோம். படங்களைத் தனிப்பட்ட யாரும் நகல் எடுக்கக் கூடாது, பக்கத்துத் துண்டுக்காரரின் அந்தரங்கமும் படத்தில் விழுந்திருக்கும் என்று ஒரு தீர்மானம். பெட்டியைத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்டை ட்யார்க்கைத் தவிர யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். கூட்டம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆகஸ்டில் தோட்டச் சோதனை வந்தது. ஒவ்வொரு துண்டிலும் மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கறியோ பழமோ இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில் புல்லோ பூவோ வைத்துக்கொள்ளலாம். ஹார்ம் அளவு நாடாவோடு வந்து என் துண்டின் நடுவில் நின்றார்.

"இது என்ன?"

"பசுந்தாள் உரம் ஹார்ம். உருளைக்கிழங்கு தோண்டி எடுத்துட்டேன்ல, மண்ணு தெம்பாகட்டும்னு விதைச்சிருக்கேன். அப்படியே உழுதுடுவேன்."

"பச்சையா இருக்கு, குட்டையா இருக்கு. இதுக்குப் பேரு புல்லு."

"ஜூன் மாசம் நீதானே இதே இடத்துல நின்னு, 'கிழங்கு நல்லா புடிச்சிருக்கே'ன்னு சொன்ன? படம்கூட எடுத்தியே!"

"சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ஞாபகம் ஆவணம் இல்லையே."

நாடாவை விரித்து அளந்தார். உருளைக்கிழங்கு இருந்த இடத்தைக் கழித்துப் பார்த்தால் எனக்கு மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. போன வருடம் டேலியா அதிகமாகிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது தவறு என்றால் குத்தகை ரத்து. கடிதம் வந்தபோது அதை மூன்று முறை படித்தேன்.

என் வீடு நான்காவது மாடியில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. என் கணவர் ஒரு பல் மருத்துவமனைப் பெண்ணோடு ஹாம்பர்க் போனபோது காரையும் சோபாவையும் கொண்டு போனார். தோட்டத்தைக் கொண்டு போக முடியவில்லை. அங்கே ஒரு பிளம் மரம், ஒரு கொட்டகை, ஒரு மடக்கு நாற்காலி. கோடையில் நான் அங்கேதான் வாழ்கிறேன், குளிர்காலத்தில் அதை நினைத்துக்கொண்டு வாழ்கிறேன். அதைப் பிடுங்கிக்கொண்டால் எனக்கு ஜன்னலும் லாரிகளும்தான் மிச்சம்.

மாவட்டச் சங்கத்தில் முறையீடு செய்தேன். விசாரணை செப்டம்பரில். என்னைக் காப்பாற்றக்கூடியது ஜூன் மாதப் படம் ஒன்றுதான், அது பெட்டிக்குள் இருந்தது. ஒரு சின்ன யு.எஸ்.பி.யில் போட்டு எடுத்துப் போயிருப்பேன். தீர்மானம் இருக்கிறதே! நடுவரின் கணினியிலிருந்து பாதுகாப்பான இணைய வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹார்ம் எழுத்தில் அனுமதி கொடுத்தார். பெருந்தன்மைதான். என்னைத் துரத்துவதையும் அவர் முறையாகத்தான் செய்ய விரும்பினார்.

விசாரணைக்கு முன்தினம்கூடச் சங்கக் கட்டடத்திலிருந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். உருளைக்கிழங்கு கொழுகொழுவென்று நின்றது. கட்டடத்துக்குள்ளே நாங்கள் பெட்டியை அதன் எண்ணைத் தட்டித்தான் திறப்போம், அங்கே பூட்டும் இல்லை, சான்றிதழும் கேட்காது. மனம் குளிர்ந்து கணினியை மூடினேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். டக்.

நடுவர் திருமதி சாண்டர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலாகப் பார்ப்பவர். மாவட்ட அலுவலகம் மதியம் பன்னிரண்டுக்குச் சாத்தப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். சங்கத்தின் இணைய முகவரியைத் தட்டினார். தட்டிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பூட்டு இல்லை. சிவப்பாக ஒரு முக்கோணம் இருந்தது. சான்றிதழ் நேற்றோடு காலாவதி, உள்ளே போக வழியில்லை.

"பரவாயில்லன்னு அமுக்கிட்டுப் போக முடியாதா?" என்று கேட்டேன், விடை தெரிந்தும்.

"அதுக்குப் பட்டனே காணோமே" என்றார் திருமதி சாண்டர்.

ஹார்மின் முகம் வெளுத்துவிட்டது. நான் தோற்பது அவருக்கு ஒரு நியாயம். தன் சங்கம் மாவட்டத்தின் முன்னால் காலாவதியாகி நிற்பது அவமானம். ட்யார்க்குக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அவன் சங்கக் கட்டடத்தில்தான் இருந்தான்.

"இருக்கவே இருக்காது. பெட்டி பச்சையா மின்னிட்டு நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு அது தானா புதுப்பிச்சிருக்கணும். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் கேக்கும். ஒரு மாசமா தினமும் கேட்டிருக்கணுமே!"

"ரெண்டு மணிக்கா?" என்றார் ஹார்ம். "ராத்திரி ரெண்டு மணிக்கு அது எப்படிக் கேக்கும்? அப்ப கரன்ட்டே இருக்காதே."

 

"ஏன் இருக்காது?" என்றான் ட்யார்க், ரொம்ப மெதுவாக.

"கடைசியா வெளிய போறவங்க மெயினை இறக்கிடுவாங்கல்ல. விதி."

"தினமுமா?"

"தினமும்தான். விதின்னா பின்ன ஞாயித்துக்கிழமைக்கு மட்டுமா?"

"யாரு இறக்கறது?" என்று கேட்டார் திருமதி சாண்டர். ஹார்ம் என்னைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்தேன். கைப்பை மட்டும்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃப்ராவ்கே" என்றார் ஹார்ம். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த விஷயத்துல அவங்க மேல ஒரு சொல் சொல்ல முடியாது. மழையானாலும் பனியானாலும் ஒரு நாள்கூட மறந்ததில்ல. இதைக் குறிப்புல ஏத்திக்கணும்னு கேட்டுக்கறேன்."

திருமதி சாண்டர் ஏற்றிக்கொண்டார். என் கழுத்தில் கயிற்றை மாட்டிய மனிதர் என் ஒழுக்கத்துக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"பெட்டி எச்சரிக்கை எதுவும் அனுப்பலையா?" என்று கேட்டார் நடுவர்.

"அனுப்பிச்சுதே!" என்றார் ஹார்ம். "சங்கத்து மின்னஞ்சலுக்கு நிறைய வந்துச்சு. 'சான்றிதழ் முடியப் போவுது'ன்னு. 'என்னை முறையில்லாம அணைச்சிட்டாங்க'ன்னு தினம் காலைல வேற ஒண்ணு. எல்லாத்தையும் அச்சடிச்சு, துளை போட்டு, தேதிவாரியா கோப்புல வெச்சிருக்கேன்."

"படிச்சீங்களா?"

"கோப்புல இருக்கு" என்றார் ஹார்ம் பெருமையாக.

இதற்குள் ட்யார்க் பதறிப்போய்ப் புதுப்பிக்கும் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். சான்றிதழ் கொடுப்பவர்கள் முகவரி நம்முடையதுதானா என்று ரவுட்டரில் ஒரு வாசல் வழியாக வந்து பார்ப்பார்களாம். அந்த வாசலைப் பாதுகாப்புக்காக அவனே எப்போதோ அடைத்து வைத்திருந்தான். அதைத் திறக்க மறந்து தட்டியதில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. இனி நாளைக்குத்தான் கேட்க முடியும் என்று பதில் வந்தது.

"வாசலை இப்பத் திறந்துட்டேன்" என்றான் போனில், குரல் இறங்கி. "இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்டியே கேட்டா கண்டிப்பா கெடைச்சிடும். நான் காலைல வந்து தட்ட முடியாது, விடியறதுக்குள்ள ப்ரேமென் போகணும், கண் ஆபரேஷன். பாஸ்வேர்ட குடுத்துட்டுப் போகலாம்னா..."

"தீர்மானம்" என்றார் ஹார்ம்.

"பெட்டியையே இங்க தூக்கிட்டு வந்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"காப்பீடு கட்டடத்துக்குள்ள மட்டும்தான்" என்றார் ஹார்ம்.

"நீங்க ஒரு நடை அங்க வந்து பாக்கலாமே மேடம்?"

"ஒரு தரப்போட இடத்துக்கு நடுவர் போகக் கூடாதுங்க" என்று திருமதி சாண்டர் பேனாவை மூடினார். "நாளைக் காலை ஒன்பது மணிக்கு மறுபடி உக்காருவோம். படம் தெரிஞ்சா பாக்கலாம். தெரியலைன்னா இருக்கற ஆவணத்தை வெச்சுத் தீர்ப்பு சொல்ல வேண்டியதுதான்."

இருக்கிற ஆவணம் என்றால் ஹார்மின் நாடா.

திரும்பி வரும்போது ஹார்ம் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் வேகக் கட்டுப்பாட்டுக்குக் கொஞ்சம் கீழேயே ஓட்டினார். நான் கேட்டேன், "ஹார்ம், இன்னிக்கு ஒரு ராத்திரி மெயினை இறக்காம விட்டுடலாம்ல?"

"விதியை மாத்தற அதிகாரம் பொதுக்குழுவுக்கு மட்டும்தான். அது மார்ச்சுல."

"மார்ச்சுல என் துண்டுல வேற எவனாவது புல்லு வெட்டிட்டிருப்பான்."

அவர் சிவப்பு விளக்கில் நின்றார், பச்சை வந்த பிறகும் ஒரு நொடி யோசித்துவிட்டு எடுத்தார்.

சங்கக் கட்டடத்தில் ட்யார்க் தேநீர் போட்டு வைத்திருந்தான். கற்கண்டு, மேலே பாலேடு, எல்லாம் எங்கள் ஊர் முறைப்படி. கலக்காமல் குடித்தோம். மணி ஆறு ஆனது. கட்டடம் மூடும் நேரம், அதற்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, அதுவும் விதி. மூவரும் எழுந்தோம், கோட்டுகளை மாட்டினோம், கதவருகில் வந்து நின்றோம்.

யாரும் வெளியே போகவில்லை.

"நீ போ ஃப்ராவ்கே" என்றான் ட்யார்க்.

"நீ போயேன். உனக்குக் காலைல ஆபரேஷன்."

"நான் போனா நீங்க ரெண்டு பேரு மிச்சம். அப்புறம் ஹார்ம் போனா நீதான் கடைசி. இறக்காம விட்டா உன் மேல இன்னொரு புகார்."

"அப்ப ஹார்ம் கடைசியா வரட்டும்."

"நானா?" என்றார் ஹார்ம். "தலைவரே விதியை மீறறதா? நான் கடைசி ஆளா இருந்தா இறக்கித்தான் ஆகணும். வேற வழியே இல்ல."

"அப்ப நான் இருக்கேன்" என்றேன். "புகார் குடுங்க. துண்டே போகப் போவுது, இன்னொரு புகார் வந்தா என்ன, மாலையா போடப் போறீங்க?" சொல்லிவிட்டேனே தவிர என் கை தானாகவே அந்தக் கறுப்புக் கைப்பிடி இருந்த பக்கம் நீண்டது. பழக்கம் என்னைவிடப் பலசாலி. நானே என் தோட்டத்தை 'டக்' என்று அணைத்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஹார்ம் என் கையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். சங்கக் கட்டடத்தின் கதவு இரட்டைக் கதவு. விழா நாளில் மேசைகளைத் தூக்கிப் போவதற்காக வைத்தது. ஒரு பாதியை நாங்கள் திறப்பதே இல்லை. அவர் குனிந்து அந்தப் பாதியின் தாழ்ப்பாளை நீக்கினார். பையிலிருந்து நாடாவை எடுத்தார். வாசலின் அகலத்தை அளந்தார். ட்யார்க்கின் தோளை அளந்தார், என் தோளை அளந்தார், தன்னை அளக்கச் சொல்லி நாடாவை என்னிடம் நீட்டினார்.

"விதியில என்ன இருக்கு? 'கடைசியாக வெளியேறுபவர்'னு இருக்கு" என்றார். "கடைசியா ஒருத்தர் இருந்தாத்தானே?"

நானும் ட்யார்க்கும் நாடாவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? பக்கவாட்டுல நில்லுங்க. ட்யார்க், வயித்தை உள்ள இழு. ஃப்ராவ்கே, நீ நடுவுல. யாரு காலும் முன்ன பின்ன போகக் கூடாது. நான் எண்ணறேன்."

மூன்று பெரிய மனிதர்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வலது காலை ஒன்றாகத் தூக்கி, ஒரே அடியில் வாசலைத் தாண்டினோம். ட்யார்க்கின் பாதம் அரை விரல் பின்தங்கியதாக ஹார்முக்குச் சந்தேகம். உள்ளே போய் மறுபடி தாண்டினோம். இந்த முறை அவருக்குத் திருப்தி. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருட்டில் அந்தப் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அந்த விதி வந்த பிறகு பீர் குளிர்ந்த முதல் இரவு அதுதான்.

"எனக்காகவா ஹார்ம் இதைச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"சான்றிதழ் காலாவதி ஆகிக் கெடக்குதே, அதுக்காக" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

காலை ஒன்பது மணிக்குத் திருமதி சாண்டர் முகவரியைத் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பூட்டு வந்திருக்கு" என்று அவர் குரல் கேட்டது. திறந்தபோது திரை முழுக்க என் உருளைக்கிழங்குச் செடிகள், வெள்ளைப் பூவோடு, வரிசை வரிசையாக. ஓரத்தில் ஹார்மின் கட்டை விரல்கூட விழுந்திருந்தது. நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், கண்ணாடி வழியாகவும் பார்த்தார்.

"இது உருளைக்கிழங்குதான். அப்புறம் விதைச்சது பசுந்தாள் உரம். அதுவும் சாகுபடியிலதான் சேரும். குத்தகை ரத்து செல்லாது."

எனக்குக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஹார்ம் முறைப்படி எழுந்து வந்து கை கொடுத்தார். கை கொடுத்தபடியே அவர் பார்வை என் தோளைத் தாண்டித் திரைக்குப் போனது. குனிந்தார். படத்தின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"ஃப்ராவ்கே. உன் செடிவேலி ஒண்ணேகால் மீட்டரைத் தாண்டி நிக்குது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டேன். "வெட்டிடறேன் தலைவரே. இன்னிக்கே வெட்டிடறேன்."

அன்று மாலையே வெட்டினேன். பிளம் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் வேலியைப் பார்த்தேன். ஒன்றேகால் மீட்டருக்கு மேலே ஒரு விரல் விட்டுத்தான் வெட்டியிருந்தேன்.